வேட்பாளரை விசாரிப்பது புறம் பேசுவதா?

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் நால்வர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். தேநீர் வரும். அரை மணி நேரத்தில், "இந்தத் தடவை நம் சமுதாயத்தின் ஓட்டு இன்னாருக்கு" என்று முடிவாகிவிடும். பொழுது விடிந்ததும் அம்முடிவு வீடு வீடாகப் போய்ச் சேரும். அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கோ வேட்பாளரின் பெயர்கூடப் போய்ச் சேராது. சின்னம் மட்டும் போய்ச் சேரும். அந்த இன்னார் யார், என்ன படித்தவர், என்ன தொழில் செய்து பொருள் ஈட்டியவர், அவர்மீது வழக்கு ஏதும் உண்டா, இதற்கு முன் பதவியில் இருந்திருந்தால் அங்கே என்ன செய்தார் என்று அத்திண்ணையில் இருந்த நால்வரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டுப் பாருங்கள். நால்வரும் விழிப்பார்கள்.

இந்த வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம். எந்தக் கட்சிக்காகவும் அன்று; எந்தக் கட்சிக்கு எதிராகவும் அன்று. அறியாமல் சாட்சி சொல்வது ஆகாது என்று நம் மக்தபுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வாக்குச் சாவடியில் மட்டும் அறியாமையைச் சமுதாய ஒற்றுமை என்று பெயரிட்டு அழைப்பது முறையா என்பதே நம் கேள்வி.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகளின் வரிசையில் முதல் எண் கும்மிடிப்பூண்டிக்கு உரியது. இரண்டாம் எண் பொன்னேரி. வரிசையில் முதலிடம் பெற்ற இப்பகுதியில் விசாரிக்க வேண்டிய விஷயங்களுக்கும் குறைவில்லை. சிப்காட் வளாகத்துத் தொழிற்சாலைகளின் புகையும் கழிவும் ஒருபுறம்; எண்ணூர் அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்த கழிமுகம் மறுபுறம்; பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும்போதெல்லாம் தவிக்கும் மீனவர்; காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் குறித்து ஆண்டுக்கணக்கில் நடக்கும் வாதம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டிய காலத்திலேயே கடல் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். இவ்வளவும் இருக்க, நம்மிடம் வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் வைக்கும் கோரிக்கை என்ன? கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர். அதுவும் வேண்டியதுதான், நாளை நாமும் அங்கே போகப் போகிறவர்கள்தாம். ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லையே! வேட்பாளர் சென்ற ரமளானில் இஃப்தாருக்கு வந்தார், தொப்பி அணிந்து நோன்புக் கஞ்சி குடித்தார் என்பதே அவருக்கு நாம் வழங்கும் நற்சான்றிதழாக இருக்கிறது.

2021ஆம் ஆண்டுத் தேர்தலில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். அவ்வாண்டு மார்ச் 22ஆம் நாள் வேட்புமனுக்களைத் திரும்பப் பெறும் கெடு முடிந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் வாக்குப்பதிவு. இடையில் இருந்தது 15 நாள். நம் ஊர் இளைஞர் சிலர், சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், தொகுதியில் நின்ற வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை நகலெடுத்து வந்தார்கள். "ஹஜ்ரத், இதில் சட்டத் தமிழ் அதிகம். நீங்கள் படித்துச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்" என்றார்கள். ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் திருமண மண்டபம் ஒன்றில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்ந்து கேட்பதாக ஏற்பாடு. எல்லா வேட்பாளரின் பத்திரமும் ஒரே வரிசையில் வாசிக்கப்படும். யாருக்கு வாக்களிப்பது என்று ஒரு சொல்லும் சொல்லப்படாது. இதுவே திட்டம்.

அன்று மாலையே ஊரின் மூத்தவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், நீங்களுமா இதற்குத் துணை போகிறீர்கள்? இல்லாத ஒருவரின் குறையைச் சபையில் வாசிப்பது கீபத் ஆகாதா? நாளை ஜெயித்து வருபவர் நம் முகத்தில் விழிப்பாரா? ஃபித்னாவுக்கு வழி செய்யாதீர்கள்" என்றார். அன்றிரவு மண்டபம் பூட்டப்பட்டது. நகல்களை இளைஞர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெரியவர் நம் மதிப்பிற்குரியவர். அவரது பெயர் இங்கே வேண்டா. அவரது வாதம் மட்டும் வேண்டும். ஏனெனில் அஃது அவர் ஒருவரின் வாதமன்று.

கீபத் என்னும் புறம் பேசுதல் பெரும் பாவம். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் கீபத்தின் இலக்கணத்தை வகுத்த அதே இமாம்கள்தாம் அதன் எல்லையையும் வகுத்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், பின்னர் இமாம் நவவி (ரஹ்) அவர்களும் ஒருவரின் குறையை எடுத்துரைப்பது கூடும் என்பதற்கு ஆறு நிலைமைகளைக் கூறினார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது அவற்றுள் ஒன்று. தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது மற்றொன்று. ஒருவரோடு சம்பந்தம் செய்வது பற்றியும் கொடுக்கல் வாங்கல் பற்றியும் ஆலோசனை கேட்டவருக்கு உள்ளதைச் சொல்வது அதில் அடங்கும். இதற்கு மார்க்க அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்னும் அம்மையாரைப் பெண் கேட்டு இருவர் தூது அனுப்பினார்கள். அம்மையார் பெருமானார் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார். ஒருவர் பொருள் வசதியற்றவர் என்றும், மற்றவர் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்றும் பெருமானார் வெளிப்படையாகவே தெரிவித்துவிட்டு, மூன்றாமவராகிய உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி யோசனை கூறினார்கள். அவ்விருவரும் சாமானியர் அல்லர், ஸஹாபாக்கள். அவர்கள் அந்தச் சபையில் இருக்கவும் இல்லை. ஒரு பெண்ணின் ஒரு வாழ்க்கைக்காக இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லலாம் என்றால், இலட்சக்கணக்கான மக்களின் ஐந்தாண்டுக்காக ஒருவர் தம் கையெழுத்திட்டுத் தாமே கொடுத்த ஏட்டை வாசிப்பது எப்படிப் பாவமாகும்?

தகவல் கேட்டு வந்தவர் ஒரு பெண் என்பதையும் மறந்துவிட வேண்டா. "உன் வீட்டாரிடம் கேள்" என்று அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. நம் வீடுகளில் தாய்மார்களுக்குச் சின்னத்தை மட்டும் சொல்லி அனுப்பும் ஆண்கள் இந்த ஹதீஸை இன்னொரு முறை ஓதிப் பார்ப்பது நலம்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். உலகில் எந்தச் சமுதாயமாவது மனிதர்களை விசாரிப்பதையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறதா? நாம் வளர்த்திருக்கிறோம். இல்முர் ரிஜால் என்றும், ஜர்ஹு தஃதீல் என்றும் அதற்குப் பெயர். ஒரு ஹதீஸை அறிவிப்பவர் உண்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, யாரிடம் கேட்டார், அவரை இவர் சந்தித்தது உண்மையா என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதி வைத்தார்கள். யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) அவர்களின் தீர்ப்புகளும், இமாம் தஹபீ (ரஹ்) அவர்களின் 'மீஸானுல் இஃதிதால்' என்னும் பெருநூலும், இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் 'தஹ்தீபுத் தஹ்தீப்' என்னும் தொகுப்பும் வேறென்ன? மனிதர்களைப் பற்றிய விசாரணை ஏடுகள்தாமே! நம் பெரியவர் எழுப்பிய அதே ஆட்சேபணையை அன்றே ஒருவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் எழுப்பினார். ஆலிம்களைப் புறம் பேசலாமா என்று கேட்ட அவரைக் கடிந்துகொண்ட இமாமவர்கள், இது நஸீஹத், கீபத் அன்று என்று விளக்கினார்கள். மக்களின் மார்க்கத்தைக் காக்க அறிவிப்பாளரை விசாரித்தது குற்றமில்லை என்றால், மக்களின் உரிமையையும் உடைமையையும் காக்க வேட்பாளரை விசாரிப்பது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

மௌலானா முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கைச் சாட்சியம் என்றும், சிபாரிசு என்றும், வகாலத் என்றும் மூவகையாகக் கொண்டு விளக்கியிருக்கிறார்கள். சாட்சியம் என்றால் அறிந்து சொல்ல வேண்டும். சிபாரிசு என்றால் அதன் நன்மை தீமையில் நமக்கும் பங்குண்டு. வகாலத் என்றாலோ, நம் காரியத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்த்தாக வேண்டும். ஒரு வீட்டு மனையை வாங்கப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வில்லங்கச் சான்று கேட்டு நான்கு முறை நடக்கிற நாம், நம் மாநிலத்தையே ஒப்படைக்கும்போது ஒரு முறையும் வில்லங்கம் பார்ப்பதில்லை. அந்தப் பெரியவரே பின்னொரு நாள் தம் பேத்திக்கு வந்த ஒரு வரனைப் பற்றி விசாரிக்க நம்மிடம் வந்தார். அறிந்ததை மறைக்காமல் சொன்னோம். ஒரு குறையையும் சேர்த்தே சொன்னோம். கவனமாகக் கேட்டுக்கொண்டார். கீபத் என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை.

இந்தப் பிரமாணப் பத்திரம் நமக்கு எளிதில் கிடைத்ததன்று. இதன் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்னும் அமைப்பைச் சேர்ந்த பேராசிரியர்கள் 1999ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலிருந்து இது தொடங்குகிறது. வேட்பாளரைப் பற்றி அறிந்துகொள்வது அரசியல் சட்டத்தின் 19ஆம் விதி தரும் கருத்துரிமையில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. உடனே என்ன நடந்தது? ஒன்றையொன்று ஏசிக்கொள்ளும் கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்துக்கொண்டன. தீர்ப்பை முறியடிக்க ஓர் அவசரச் சட்டம் எழுதப்பட்டுக் கையெழுத்துக்குப் போனது. அப்போது குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம் அவர்கள் அதில் கையெழுத்திடாமல் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதையே மீண்டும் அனுப்பியபோது, அரசியல் சட்டப்படி அவருக்கு வேறு வழியில்லாமல் போனது. ஆனால் அச்சட்டத்தின் வழியாக வந்த 33பி என்னும் பிரிவை 2003 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று நீக்கியது. கலாம் அவர்களின் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். அவர் எதற்காகப் பேனாவைக் கீழே வைத்தாரோ அந்த ஏட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை!

படிவம் 26 என்பது அந்த ஏட்டின் பெயர். வேட்பாளர் மீதுள்ள குற்ற வழக்குகள், தண்டனை பெற்றிருந்தால் அதன் விவரம், தமக்கும் தம் துணைவருக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் உள்ள அசையும் சொத்து, அசையாச் சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு, வருமானத்தின் மூலம், கல்வித் தகுதி ஆகியவை அதில் இருக்கும். எந்தக் கட்டத்தையும் வெற்றிடமாக விடக்கூடாது என்று 2013ஆம் ஆண்டிலும், குற்ற வழக்கு உள்ளவர் அதைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018ஆம் ஆண்டிலும், அத்தகையவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் சொல்ல வேண்டும், வெற்றி பெறுவார் என்பது மட்டும் காரணமாகாது என்று 2020ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் மேலும் மேலும் இறுக்கியது. தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி பத்திரத்தின் நகல் ஒட்டப்பட வேண்டும் என்பது சட்டம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் கைபேசிச் செயலியிலும் அது கிடைக்கிறது. நம் பிள்ளைகளின் கையில் கைபேசி இல்லாத வீடு எது?

ஏட்டைப் பார்ப்பது மட்டும் போதாது. பார்க்கத் தெரிய வேண்டும். இங்கும் நம் முன்னோரின் கலையே நமக்குக் கைகொடுக்கிறது.

ஜர்ஹு, அதாவது குறை கூறல், காரணத்தோடு விளக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது முஹத்திஸ்கள் வகுத்த விதி. ஒருவரை நல்லவர் என்று சான்றோர் சொல்லியிருக்க, காரணம் சொல்லாமல் இன்னொருவர் அவரைக் குறை கூறினால் அது ஏற்கப்படாது. ஏன் தெரியுமா? ஒருவர் பார்வையில் குறையாகத் தெரிவது இன்னொருவர் பார்வையில் குறையே ஆகாமல் போகலாம். ஒரு வேட்பாளர் மீது ஏழு வழக்கு இருக்கிறது என்ற செய்தி மட்டும் ஒன்றையும் சொல்லாது. மீனவர்களோடு சாலையில் அமர்ந்ததற்காகப் போடப்பட்ட வழக்கும் வழக்குதான். பிறர் நிலத்தை அபகரித்ததற்காகப் போடப்பட்ட வழக்கும் வழக்குதான். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019, 2020ஆம் ஆண்டுகளில் தெருவில் நின்றவர்கள் மீதெல்லாம் வழக்குகள் போடப்பட்டதை நாம் அறிவோம். எனவே எண்ணிக்கையைப் பாராதீர்கள். எந்தப் பிரிவு, என்ன குற்றச்சாட்டு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வழக்கு நிலுவையில் இருப்பதே குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகாது. இதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் வாசித்தால்தான் நம் பெரியவர் அஞ்சிய பாவம் வந்து சேரும். அந்த அளவில் அவர் அச்சம் நியாயமே.

ஒரே காலத்தவரும் ஒரே துறையினருமான இருவர் ஒருவரையொருவர் குறை கூறினால் அதை அப்படியே ஏற்காதீர்கள் என்பதும் அக்கலையின் விதி. போட்டியும் பொறாமையும் நாவைத் திருப்பிவிடும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். தேர்தல் மேடையில் ஒரு வேட்பாளர் மற்றவரைப் பற்றிச் சொல்வது இந்த இனத்தைச் சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கோ இஸ்னாதே இல்லை. யார் எழுதியது, யாரிடம் கேட்டது என்று ஒன்றும் இல்லாத செய்தியை, 'அதிகம் பகிருங்கள்' என்ற ஒரு வரிக்காக நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு ஃபஜ்ருத் தொழுகைக்கு வந்து நிற்கிறோம். செய்தி கொண்டு வருபவன் நம்பத் தகாதவனாயின் தீர விசாரிக்க வேண்டும் என்று திருமறையின் 49ஆம் அத்தியாயம் நமக்குக் கட்டளையிட்டிருப்பதை யாருக்காக ஓதுகிறோம்?

ஃபிக்ஹிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். தனக்கு எதிராகத் தானே ஒப்புக்கொள்வது இக்ரார். அஃது அவனைக் கட்டுப்படுத்தும். தனக்குச் சாதகமாகத் தானே சொல்லிக்கொள்வது வெறும் தஃவா. அதற்குச் சான்று வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் தம் மீது வழக்கு உண்டு என்று ஒருவர் எழுதினால் அது இக்ரார். தமக்குச் சொத்து மிகக் குறைவு என்று எழுதினால் அது தஃவா. பொய்ப் பத்திரம் கொடுத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஆறு மாதம்! இந்தத் தண்டனைக்கு அஞ்சி உண்மை எழுதுவார்கள் என்று நம்புவது பேதைமை. ஆகவே ஒரே மனிதர் 2016இல் கொடுத்த பத்திரத்தையும் 2021இல் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏடுகள் தாமே பேசும்.

பதவியில் இருந்தவர் மீண்டும் வந்தால் அவருக்கு வேறு கேள்வி உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டொன்றுக்கு 3 கோடி ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அதில் எத்தனை ரூபாய் எந்தத் தெருவில் செலவாயிற்று? அவையில் நம் பகுதியைப் பற்றி எத்தனை முறை வாய் திறந்தார்? உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் பொறிக்கப்பட்ட அதில், குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகுதியுடையோர் யார் என்ற பட்டியல் இருக்கிறது. வயது 35க்கு மேல் 70க்குள். வரி செலுத்தும் கால் வேலி நிலம். சொந்த மனையில் வீடு. இவற்றைவிட முக்கியமானது, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர் என்ற விதி. அது நிலமுடைய அந்தணரின் சபை. உழுதவனுக்கும் நமக்கும் அங்கே இடமிருந்திராது. ஆயினும் கணக்குக் காட்டாதவனை மீண்டும் ஏற்றக்கூடாது என்ற அறிவு 1,100 ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் கல்லில் வெட்டப்பட்டிருந்தது. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். தெரியாமலே தெளிந்துவிடுகிற கூட்டமாக நாம் எப்போது மாறினோம்?

"காயிதே மில்லத்தைப் பிரமாணப் பத்திரம் பார்த்தா தேர்ந்தெடுத்தார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கண்ணியத்திற்குரிய இஸ்மாயீல் சாஹிப் அவர்களை 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மஞ்சேரித் தொகுதி மக்கள் நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார்கள். அவர் தமிழர், அவர்களோ மலையாளிகள். ஏன் அனுப்பினார்கள்? பிரிவினைக்குப் பின் நாலாபுறமும் சந்தேகக் கண்கள் சூழ்ந்திருந்த நேரத்தில், 1948 மார்ச் 10 அன்று சென்னை இராஜாஜி மண்டபத்தில் முஸ்லிம் லீகைக் கலைக்காமல் காத்தவர் என்பதை அறிந்திருந்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் என்ன பேசினார் என்பதை அறிந்திருந்தார்கள். அவரது எளிய வாழ்க்கையை அறிந்திருந்தார்கள். அறிந்து வாக்களித்தவர்களை, அறியாமல் வாக்களிப்பதற்கு மேற்கோள் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு வாதம், "நம் ஆள் நின்றால் நம் ஆளுக்கு, இல்லாவிட்டால் நம்மவருக்கு வேண்டியவருக்கு" என்பது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை என்பதை 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு பெரும்பான்மையாக உறுதி செய்தது. அதை விடுங்கள். உற்றார் உறவினருக்கு எதிராயினும் நீதியின் பக்கம் நின்று சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் இட்ட கட்டளைக்கு என்ன பதில்? பெயரில் அப்துல் இருப்பது ஒருவரை நாணயஸ்தர் ஆக்காது. வக்ஃபுச் சொத்தை விழுங்கியவர்கள் எல்லாம் அந்நிய மதத்தவரா?

கசப்பான விஷயத்துக்கு வருகிறோம். வாக்குக்குப் பணம். 2016ஆம் ஆண்டு மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளில் பணம் கரைபுரண்டதால் தேர்தலே நிறுத்தப்பட்டு நவம்பரில் நடந்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாகி டிசம்பரில் நடந்தது. 2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில், வேலூர் நாடாளுமன்றத் தொகுதித் தேர்தல் ரத்தாகி ஆகஸ்டு 5ஆம் நாள் நடந்தது. அரவக்குறிச்சித் தொகுதியில்தான் பள்ளப்பட்டி இருக்கிறது. வேலூரிலோ, தமிழகத்து உலமாக்களின் தாய்வீடாகிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் இருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அத்தொகுதியில்தான். உஸ்தாதுமார்களின் காலடியில் அமர்ந்து ஹலாலையும் ஹராமையும் பிரித்தறியக் கற்ற ஊரின் பெயர், பணத்துக்காகத் தேர்தல் நின்ற ஊர்களின் பட்டியலில் ஏறியதே, அதைவிடத் தலைகுனிவு வேறுண்டா? கொடுப்பவர் மட்டுமன்று, வாங்குபவரும் சட்டப்படி குற்றவாளி. மார்க்கப்படி அது ரிஷ்வத். "எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போடுவோம்" என்கிறார்கள். ஒருவனிடம் வாங்கிக்கொண்டு அவனையும் ஏமாற்றுவது இரண்டு பாவம். ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளாது. ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு, 2022இல் உயர்த்தப்பட்டபின், 40 இலட்சம் ரூபாய். ஒரு தொகுதியில் இரண்டரை இலட்சம் வாக்காளர் என்று கொண்டால் தலைக்கு 16 ரூபாய். உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகப்பட்ட உறையில் இருந்தது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீதி எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து திரும்ப வசூலிக்கப்படும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மக்கள் ஒரு முன்தேர்தலில் வாக்களித்து முடிவு செய்கிறார்களாம். இங்கே கட்சித் தலைமையகத்தில் விருப்ப மனு வாங்கி, நேர்காணல் என்று ஒன்று நடத்தி, ஓர் இரவில் பட்டியல் வெளியாகும். யாரைப் பட்டியலில் எழுதுவது என்பதில் நமக்குக் குரல் இல்லை. எழுதப்பட்டவர் யார் என்று அறிவதில் மட்டுமே உரிமை உண்டு. மனுவைத் திரும்பப் பெறும் நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு வாரமும் நமக்காக விடப்பட்டது. அதைத்தான் ஒலிபெருக்கிக்கும் ஊர்வலத்துக்கும் கொடுத்துவிடுகிறோம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நம் மாநிலத்தில் தொடங்கியபோது, பெயர் விடுபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் நம் இளைஞர்கள் இரவும் பகலும் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்ததைக் கண்டோம். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்க அவ்வளவு பாடு; வேட்பாளர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க ஒரு மணி நேரம் இல்லையா? கும்மிடிப்பூண்டி முகாமில் ஆண்டாண்டுக் காலமாக வாழும் இலங்கை அகதிகளைக் கேளுங்கள், வாக்கு இல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று சொல்வார்கள்.

பள்ளிவாசலுக்குள் இக்கூட்டம் வேண்டா. மத நிறுவனங்களின் இடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அது நமக்கும் பாதுகாப்பே. மிம்பரில் ஒரு சின்னம் ஏறினால் மறு தேர்தலில் இன்னொரு சின்னமும் ஏறும். மக்தபும் வேண்டா. மண்டபமோ, நூலகமோ, ஒரு வீட்டு முற்றமோ போதும். பக்கத்துத் தெருவின் இந்துச் சகோதரர்களும் கிறித்தவச் சகோதரர்களும் வந்து அமரட்டும். காற்றும் ஏரியும் அவர்களுக்கும் பொதுவல்லவா? எல்லா வேட்பாளரையும் அழைக்கலாம். வருபவர் வரட்டும், வராதவரின் நாற்காலி காலியாக இருக்கட்டும். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்காகப் பகலில் ஒருமுறை வாசிக்கலாம். வாக்குப்பதிவு நாளில் ஊதியத்தோடு விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்கும் அது உண்டு என்பது சட்டம். ஒப்பந்தத் தொழிலாளராகச் சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

அன்று பூட்டப்பட்ட மண்டபம் அதே இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த தேர்தலில் மனுக்களைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த மறுநாள் இரவுக்கு அதை நாம் கேட்கப் போகிறோம். வாடகையை நாமே தருகிறோம். அந்த மூத்தவரே தலைமை தாங்கட்டும். ஒவ்வொரு பத்திரத்திலும் ஜர்ஹு எது, தஃதீல் எது என்று அவர் முன்னிலையிலேயே பிரித்துச் சொல்கிறோம், வரம்பு மீறினால் அந்த இடத்திலேயே நிறுத்தட்டும். தாய்மார்களின் பக்கத்திற்கு ஒரு திரையும், ஓர் ஒலிபெருக்கியும், அவர்கள் கேள்வி எழுதி அனுப்பக் கொஞ்சம் காகிதமும் வேண்டும்.